மசாலாப் படத்தைக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பார்ப்பது எப்படி?

படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் வருகிற வணிகப் படங்கள், ஒரு கூட்டம் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகின்றன. பாட்டிக்கு அம்மா சென்டிமென்ட், அப்பாவுக்குச் சண்டை, கல்லூரி மாணவனுக்குப் பஞ்ச் வசனம், குழந்தைக்குப் பாட்டும் காமெடியும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கை எடுத்து வைத்துத்தான் திரைக்கதையே அமைக்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தைக் கைபேசியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுகளைத் தள்ளிவிட்டுத் தனியாகப் பார்ப்பவருக்குத் தம்முடைய பங்கு மட்டுமே கிடைக்கிறது. மற்றவர்களுடைய பங்கெல்லாம் அவருக்கு வீண் சதையாகத் தெரிகிறது. "இதே கதையை இன்னும் எத்தனை முறை எடுப்பார்கள்" என்று அவர் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. அதே படத்தைப் பத்துப் பேரோடு பார்க்கும்போது, கதை முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் பெரிய வசதியாகிறது. எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் யாரும் பின்தங்குவதில்லை. நடுவில் அடுப்பைப் பார்க்கப் போய் வந்தவரும் உடனே சேர்ந்துகொள்ளலாம். சிரிப்பும் கைதட்டலும் ஒரே நேரத்தில் விழுகின்றன.

ஆட்களுக்கு ஏற்ற படம்

மூன்று தலைமுறை சேர்ந்து உட்காரும் வீட்டில், அண்மையில் வந்த பெரிய நடிகரின் படம் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் போட்டுவிடக் கூடாது. கடந்த சில ஆண்டுகளாகத் தமிழிலும் தெலுங்கிலும் முன்னணி நாயகர்களின் படங்களில் வெட்டும் ரத்தமும் வெகுவாகக் கூடியிருக்கின்றன. முன்பெல்லாம் அடியாட்கள் காற்றில் பறந்து தக்காளிக் கூடைகளின் மேல் விழுவார்கள். இப்போது கழுத்தையே கேமரா நெருங்கிப் பார்க்கிறது. ஆகவே தணிக்கைச் சான்றிதழைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தையும் 2024-இல் வந்த விதிகளையும் தொடர்ந்து, 'யு/ஏ' என்ற ஒரே பிரிவு 7, 13, 16 என்ற வயதுகளை வைத்து மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோருக்கு இது உண்மையிலேயே பயன்படும் தகவல். 'யு/ஏ 16+' என்று போட்ட படத்தை ஏழு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய அவசியம் எந்த வீட்டுக்கும் இல்லை. அதற்கு முன்பு வெளிவந்த படங்களில் வெறும் 'யு/ஏ' என்றுதான் இருக்கும் என்பதால், அவற்றைப் பெரியவர் ஒருவர் முன்னதாகப் பார்த்திருப்பது நல்லது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைத் திரையரங்கில் அனுமதிக்க மாட்டார்கள். வீட்டில் அந்தக் காவல் உங்களுடையது.

நண்பர்கள் மட்டும் கூடுகிற மாலை என்றால் கணக்கு வேறு. அங்கே மாஸ் காட்சிகள் அதிகமாக இருக்கும் படமே எடுபடும். சென்டிமென்ட் நீண்டால் ஆளாளுக்குக் கைபேசியை எடுத்துவிடுவார்கள். குழந்தைகள் அதிகம் இருக்கிற கூட்டத்துக்கு ஆள்மாறாட்டக் காமெடிப் படங்கள் பொருந்தும். நாயகன் வேறு பெயரில் வில்லனின் வீட்டுக்குள்ளேயே நுழைந்து எல்லோரையும் ஏமாற்றும் கதையைத் தெலுங்கில் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் எடுத்தார்கள். 2008-இல் வந்த 'ரெடி' அந்த வகையைச் சேர்ந்தது. அதைத்தான் தமிழில் 2010-இல் 'உத்தமபுத்திரன்' என்று எடுத்தார்கள். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும் விதத்தில் இத்தகைய படங்களை அமைத்திருப்பார்கள்.

திரையரங்குக்குப் போவதாக இருந்தால்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய படங்கள் வருகின்றன. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அதே பொங்கல்தான் சங்கராந்தி என்ற பெயரில் ஆண்டின் மிகப்பெரிய திரைப்படப் பருவமாக இருக்கிறது. முதல் நாள் முதல் காட்சியின் ஆரவாரம் தனிச் சுகம் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துச் செல்லும் இடமில்லை. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு நள்ளிரவுக் காட்சியின் கொண்டாட்டத்தில் இளைஞர் ஒருவர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்று, பெரிய படங்களுக்கும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி என்பது வழக்கமாயிற்று. 2024 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் ஒரு படத்தின் வெளியீட்டுக்கு முந்தைய சிறப்புக் காட்சியின் நெரிசலில், குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண் இறந்துபோனார்; அவருடைய சிறுவயது மகன் கடுமையாகப் பாதிக்கப்பட்டான். ஒரு படத்தை நான்கு நாள் கழித்துப் பார்ப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

குடும்பத்துக்கு ஏற்றது முதல் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி, அல்லது இரண்டாவது வார இறுதியின் பகல் காட்சி. அப்போதும் அரங்கில் கூட்டம் இருக்கும், விசில் இருக்கும், ஆனால் தள்ளுமுள்ளு இருக்காது. டிக்கெட் எடுக்கும்போது முட்டிவலி உள்ளவர்களுக்கு வரிசையின் ஓர இருக்கையைப் பிடித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை எழும்போதும் பத்துப் பேரின் கால்களைத் தாண்டச் சொல்வது அவர்களுக்குத் தண்டனையாகிவிடும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உள்ள பக்க இருக்கைகளைத் தவிர்க்க வேண்டும். இன்றைய மாஸ் படங்களின் பின்னணி இசை நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அளவில்தான் ஒலிக்கிறது. நாயகன் திரும்பிப் பார்ப்பதற்குக்கூட ஒரு அதிர்வேட்டுப் போடுகிறார்கள். குழந்தைகளின் காதை மறைக்கும் உறை ஒன்றைப் பையில் வைத்திருங்கள், பஞ்சு போதாது.

ஓசூர், திருத்தணி, வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு. தெலுங்குப் படம் தெலுங்கிலேயே ஓடும் காட்சிகள் அங்கே கிடைக்கும். மொழி அரைகுறையாகப் புரிந்தாலும், அந்த மொழிக்காரர்கள் நிறைந்த அரங்கில் அதை ஒரு முறையாவது பாருங்கள். எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிறது. அந்தக் கைதட்டலைக் கேட்டுக் கேட்டே படத்தின் போக்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

சட்டகத்தைத் தெரிந்துகொண்டு பாருங்கள்

முன்பின் இத்தகைய படங்களைப் பார்த்துப் பழகாத நண்பரோ, வெளியூரில் வளர்ந்த பிள்ளையோ கூட்டத்தில் இருந்தால், தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சட்டகத்தைச் சொல்லிவிடுங்கள். நாயகனின் அறிமுகம், ஓப்பனிங் பாட்டு, நண்பர்களோடு காமெடி, நாயகியைச் சந்திப்பது, ஒரு டூயட், வில்லனோடு முதல் உரசல், இடைவேளை, முன்கதை, குடும்பத்தில் ஓர் இழப்பு, கிளைமாக்ஸுக்குச் சற்று முன்பு ஒரு குத்துப் பாட்டு, கடைசிச் சண்டை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. வரிசை தெரிந்தவர் 'அடுத்து என்ன' என்ற கவலையை விட்டுவிட்டு, 'இந்த முறை எப்படிச் செய்திருக்கிறார்கள்' என்று பார்க்கத் தொடங்குவார். ரசனை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பழக்கம் சினிமாவுக்கு முந்தியது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்து அமர்த்திய பிறகு, இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேடக்காரர் அதற்குப் பின்னாலிருந்து தம் பெருமையைத் தாமே பாடுவார். கிரீடத்தின் முனையும் சலங்கை கட்டிய காலும்தான் முதலில் தெரியும். வந்திருப்பது துரியோதனன் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் காத்திருந்தார்கள். செய்யுள்களைப் பாடி நடிக்கும் தெலுங்கு நாட்டுப் பத்ய நாடகங்களில், கிருஷ்ணன் தூது போகிற கதையை மனப்பாடமாக அறிந்தவர்கள்தான் நல்ல பத்யம் ஒன்றுக்கு 'ஒன்ஸ் மோர்' கேட்டு நடிகரைத் திரும்பப் பாடவைத்தார்கள். இன்றைய நாயகனின் அறிமுகக் காட்சியில் முதலில் செருப்பு தெரிவதும், பிறகு கை, பிறகு முதுகு, நான்கு பேர் பறந்து விழுந்த பின்னரே முகம் தெரிவதும் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வந்த வழக்கம்தான். 1992-இல் வந்த 'அண்ணாமலை' படத்தில் 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்துகளுக்கே தேவாவின் இசையோடு ஒரு தனி அறிமுகம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பெயர் வரும்போதே கைதட்டல் தொடங்கிவிடுகிறது. ஆகவே படம் போடும்போது அந்தத் தொடக்கத்தைத் தவறவிடாமல், எல்லோரும் உட்கார்ந்த பிறகே போடுங்கள். பத்து நிமிடம் தாமதமாக வருபவருக்காக மற்றவர்கள் காத்திருக்கலாம்; நாயகன் வந்த பிறகு வருபவருக்குப் பாதிப் படம் போய்விட்டது.

சட்டகத்தின் நடுத்தூண் இடைவேளை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலைநாட்டுப் படங்களில் கதை ஒரே மூச்சாக ஓடுகிறது. நம் படங்களுக்கு இரண்டு முடிவுகள், ஒன்று இடைவேளையில், இன்னொன்று கடைசியில். திரைக்கதை ஆசிரியர்கள் இடைவேளைக் காட்சியை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கு ஏற்ற முதல் பாதியைப் பின்னால் அமைத்துக்கொள்வதும் உண்டு. சுரேஷ் கிருஷ்ணா இயக்கி 1995-இல் வந்த 'பாட்ஷா'வை இதற்குப் பாடமாகவே வைத்துப் பார்க்கலாம். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் எல்லாவற்றுக்கும் பணிந்து போகிறவர். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுப் போகிற காட்சியில், தங்கையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் உள்ளே பேசுகிறார். கண்ணாடிக்கு அப்பால் நடக்கும் அந்தப் பேச்சு நம் காதில் விழுவதில்லை. எதிரில் இருக்கிற மனிதரின் முகம் மாறுவதை மட்டும் தங்கையோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். என்ன சொன்னார் என்று காட்டவே இல்லை. ஆனால் அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தமக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் பாதி முழுவதும் இப்படி அடக்கி அடக்கி வைத்த கோபம் இடைவேளையை ஒட்டி வெடிக்கும்போது கூட்டம் கத்துவதற்குக் காரணம், அதுவரை கூட்டமும் சேர்ந்து பொறுத்திருந்ததுதான். தனியாகப் பார்ப்பவருக்கு இந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. கை தானாகவே பத்து விநாடி முன்னால் தள்ளும் பொத்தானுக்குப் போய்விடும்.

வீட்டில் பார்க்கும்போதும் இடைவேளை விடுங்கள். இணையத்தில் பார்த்தால் 'இடைவேளை' என்ற எழுத்து இரண்டு விநாடியில் கடந்து, அடுத்த காட்சி தொடங்கிவிடும். அந்த இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, பதினைந்து நிமிடம் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். போண்டாவும் தேநீரும் அப்போதுதான் வர வேண்டும். 'அவன் யார் என்று நினைக்கிறாய்', 'அந்தப் போலீஸ்காரர் கண்டிப்பாகக் கூட்டுக் களவாணிதான்' என்கிற பேச்சுக்கு இரண்டாம் பாதியைவிட அதிகச் சுவை உண்டு. சமையல் பொறுப்பு ஒருவர் தலையிலேயே, அதுவும் வழக்கம்போல் அம்மாவின் தலையிலேயே விழாதபடி பார்த்துக்கொள்வது மிக முக்கியம். இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்து மூடிவையுங்கள், அல்லது வெளியே சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் அடுப்படியிலிருந்து காதால் படம் பார்க்கிற நிலை இருந்தால் அதைக் குடும்பத்தோடு பார்த்த படம் என்று சொல்ல முடியாது.

தெலுங்குப் படத்துக்கு என்று சில பழக்கங்கள்

தமிழ்ப் படத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கு மாஸ் படத்தின் முதல் அரை மணி நேரம் கண்ணைக் கூசவைக்கும். நிறம் கூடுதல், சத்தம் கூடுதல், நாயகனைப் புகழ்கிற வசனம் அதைவிடக் கூடுதல். அந்தப் புகழ்ச்சியை அவர்கள் 'எலிவேஷன்' என்கிறார்கள். அதற்கென்றே துணைப் பாத்திரங்கள் உண்டு. 1999-இல் பி. கோபால் இயக்கத்தில் பாலகிருஷ்ணா நடித்த 'சமரசிம்ஹா ரெட்டி' பெரிய வெற்றி பெற்ற பிறகு, ஆந்திரத்தின் ராயலசீமாப் பகுதியில் 'ஃபேக்ஷன்' என்று சொல்லப்படும் கோஷ்டிப் பகையை வைத்து வரிசையாகப் படங்கள் வந்தன. வெள்ளை வேட்டி, மீசை முறுக்கல், தொடை தட்டல், காற்றில் எழும்பும் டாட்டா சுமோ, ஊரே கைகட்டி நிற்கும் வீட்டு முற்றம் எல்லாம் அந்த அலையில் நிலைபெற்றவை. நாயகன் தொடை தட்டினால் அங்கே கூடியிருப்பவர்களுக்கு அது போர் அறிவிப்பு. இதை முன்பே சொல்லிவைத்தால், புதிதாகப் பார்ப்பவர் சிரித்துவிட்டு மற்றவர்கள் மனத்தைப் புண்படுத்த மாட்டார்.

நடனத்துக்கும் அங்கே தனி இடம் உண்டு. சிரஞ்சீவி காலத்திலிருந்தே, பாட்டில் ஒரு குறிப்பிட்ட ஸ்டெப் வரும் என்று கூட்டம் காத்திருக்கும். பாட்டு வந்தால் எழுந்து போகலாம் என்கிற எண்ணத்தை அங்கே விட்டுவிட வேண்டும். இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மாமன் மகன், அத்தை மகள், அக்காள் கணவர் என்று நீளும் உறவுச் சண்டைகளும் கேலிகளும் தெலுங்குக் குடும்பப் படங்களில் நிறைந்திருக்கும். நம் வீட்டு முதியவர்களுக்கு அவை சட்டென்று ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் முறைகள் இரண்டு பக்கமும் ஒன்றே.

டப்பிங்கா, அசலா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. முதியவர்களும் சிறு குழந்தைகளும் இருந்தால் தயங்காமல் டப்பிங்கைப் போடுங்கள்; கீழே ஓடும் எழுத்தைப் படிக்கும் வேகம் அவர்களுக்கு இருக்காது. டப்பிங் படம் மட்டம் என்கிற எண்ணத்துக்கு அடிப்படையில்லை. விஜயசாந்தி நடித்து 1990-இல் வந்த 'கர்த்தவ்யம்' தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆக வந்தபோது தமிழ்நாட்டுப் பெண்கள் அதைத் தங்கள் படமாகவே கொண்டாடினார்கள். நாயகனுக்கு மட்டுமே உரிய அறிமுகமும் சண்டையும் ஒரு பெண்ணுக்குக் கிடைத்ததை அவர்கள் கண்டுகொண்டார்கள். பாட்டுகளை மட்டும் கூடுமானவரை அசல் மொழியிலேயே கேளுங்கள். உதட்டசைவுக்குள் சொற்களை அடைக்க வேண்டியிருப்பதால் டப்பிங் பாட்டின் வரிகள் பல இடங்களில் தடுக்கும்.

ஒரே கதையை இரண்டு மொழிகளில் அடுத்தடுத்த வாரங்களில் பார்ப்பது, நண்பர் கூட்டங்களுக்கு நான் பரிந்துரைக்கும் சிறந்த பயிற்சி. இதற்கு 2003-இல் குணசேகர் இயக்கத்தில் மகேஷ் பாபு நடித்த 'ஒக்கடு'வையும், 2004-இல் தரணி இயக்கத்தில் விஜய் நடித்த 'கில்லி'யையும் எடுத்துக்கொள்ளுங்கள். கபடி விளையாடப் போன ஊரில், ஒரு பெண்ணைக் கட்டாயக் கல்யாணத்திலிருந்து மீட்டுத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து மறைத்து வைக்கிற நாயகன், தேடிவரும் வில்லன், கடைசியில் கபடிப் போட்டி. அங்கே கர்னூல், இங்கே மதுரை. அங்கே சார்மினார், இங்கே சென்னையின் கலங்கரை விளக்கம். இரண்டிலும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான். ஒரே நடிகர் ஒரே காட்சியை இரண்டு ஊர்களுக்காக எப்படி மாற்றி நடிக்கிறார் என்பதைக் கவனிப்பது ஒரு நடிப்புப் பட்டறைக்குச் சமம். அங்கே அவர் நிலத்துக்கும் பகைக்கும் சொந்தக்காரராக இறுகி நிற்கிறார். இங்கே அவருடைய காதலில் ஒரு கோமாளித்தனம் கலந்து, பயமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. வித்யாசாகரின் இசையும் மணிசர்மாவின் இசையும் ஒரே சூழ்நிலைக்கு வேறு வேறு தாளம் போடுவதையும் கேட்டுப் பாருங்கள். 2024 ஏப்ரலில் 'கில்லி' மீண்டும் திரைக்கு வந்தபோது அரங்குகள் நிறைந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்தவர்கள்.

பேச்சுக்கும் அமைதிக்கும் ஓர் ஒழுங்கு

இத்தகைய படத்தை மூச்சுக் காட்டாமல் பார்க்கச் சொல்வது தவறு. கூட்டம் பேசுவதற்காகவே வசனங்களுக்கு நடுவில் இடம் விட்டிருப்பார்கள். ஆனாலும் சில எல்லைகள் வேண்டும். ஊகம் சொல்லலாம், ஏற்கெனவே பார்த்தவர் முடிவைச் சொல்லக் கூடாது. 'இவன் ஒருவனே நாற்பது பேரை எப்படி அடிப்பான்' என்று கேட்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கு இடைவேளையில் தாராளமாக நேரம் கொடுங்கள், சண்டையின் நடுவில் கொடுக்காதீர்கள். பாட்டுகளைத் தள்ளுவதா வேண்டாமா என்பதைத் தொடங்கும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். என் வாக்கு, தள்ளக் கூடாது என்பதுதான். பாட்டு வரும்போதுதான் குழந்தைகள் எழுந்து ஆடுகிறார்கள், மாமா ஒருவர் அந்தக் காலத்து நினைவு ஒன்றை எடுத்துவிடுகிறார்.

எங்கள் வீட்டில் பாட்டி கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இவன் நம்ம ஆளா, அவங்க ஆளா?" புதிதாக யார் திரைக்கு வந்தாலும் அந்தக் கேள்வி வரும். பதில் சொல்லும் பொறுப்பைப் பத்து வயதுப் பேரனிடம் கொடுத்திருக்கிறோம். அவன் பாட்டியின் காதருகே சாய்ந்து, "இப்போதைக்கு நம்ம ஆளு பாட்டி, அப்புறம் மாறுவான்" என்று சொல்வான். பாட்டி தலையாட்டிக்கொண்டு அந்த ஆளைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார். பேரன் சொன்னது சரியாகிவிட்டால் இருவருக்கும் வெற்றி. உங்கள் வீட்டிலும் காது மந்தமானவர்கள், கண் மங்கியவர்கள் பக்கத்தில் இப்படி ஒருவரை உட்காரவையுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திப் பதில் சொன்னால் கேட்டவர் அடுத்த முறை கேட்கவே கூசுவார்.

பண்டிகை நாளில் தொலைக்காட்சியில், 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக' என்ற முழக்கத்தோடு வரும் படம் விளம்பரங்களோடு சேர்ந்து நான்கு மணி நேரத்தைத் தொடும். அதை அரைநாள் விருந்தாக நினைத்துக்கொண்டால் எரிச்சல் இருக்காது. விளம்பரத்தின்போது ஒலியைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள்.

மனத்தைப் புண்படுத்தும் இடங்கள்

இந்தப் படங்களை நேசிக்கிறவர்கள்தான் இதை நேராகப் பேச வேண்டும். நாயகி வேண்டாம் என்று சொன்ன பிறகும் தெருத்தெருவாகப் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் காட்சிகள் இரண்டு மொழிகளிலும் ஏராளம். கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் கேலி செய்யும் காமெடியும், திருநங்கைகளை இழிவுபடுத்தும் காமெடியும் பழைய படங்களில் வந்துகொண்டே இருக்கும். பெண் எப்படி உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று நாயகன் பாடம் எடுக்கும் வசனத்துக்குக் கைதட்டலும் கிடைத்திருக்கிறது. கூட்டத்தில் அந்தக் கேலிக்கு இலக்காகக் கூடிய நண்பரோ உறவினரோ இருந்தால், அவர் சிரிப்பதுபோல் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் ஒடுங்கிப்போவார். அப்படிப்பட்ட படத்தை அவர் இருக்கும்போது போடவே வேண்டாம். ஆயிரம் படங்கள் இருக்கின்றன.

எதிர்பாராமல் அப்படி ஒரு காட்சி வந்துவிட்டால் படத்தை நிறுத்தி உரையாற்ற வேண்டியதில்லை. வீட்டில் மதிப்பு உள்ள பெரியவர் ஒருவர், 'இது தப்பு, இப்படிப் பண்ணினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்' என்று அந்த நொடியிலேயே சொன்னால் போதும். தாத்தாவோ அப்பாவோ, அதுவும் ஆண் பிள்ளைகள் கேட்கும்படி, சொல்வது இன்னும் நல்லது. பதின்வயதுப் பெண்ணுக்கு, தான் பேசத் தயங்கியதை அப்பாவே பேசிவிட்டார் என்ற தெம்பு கிடைக்கும். சாதிப் பெருமையைத் தூக்கிப்பிடிக்கும் படங்களில் நான் இந்த அளவுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். எவ்வளவு நல்ல சண்டைக்காட்சி இருந்தாலும், நாலு வீட்டுப் பிள்ளைகள் கூடியிருக்கும் அறையில் அவற்றுக்கு இடமில்லை.

படம் முடிந்த பிறகு

உடனே விளக்கைப் போட்டுக் கலைந்துவிடாதீர்கள். 'நல்லா இருந்ததா' என்று கேட்டால் 'ம்' என்ற பதில்தான் வரும். எந்தச் சண்டை முதலிடம், எந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் கதை நடக்கும், நாயகி இடத்தில் நீ இருந்தால் எந்த நிமிடத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியிருப்பாய் என்று கேளுங்கள்; பேச்சு அரை மணி நேரத்துக்குக் குறையாது. குழந்தைகள் அறிமுகக் காட்சியை நடித்துக் காட்டுவார்கள். நடிக்கவிடுங்கள், ஆனால் சோபாவின் கைப்பிடியிலிருந்து குதிப்பதற்கு முன் கீழே மெத்தையைப் போடுங்கள்.

அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முறைவைத்துச் சுற்றி வர வேண்டும். ரிமோட் ஒருவர் கையிலேயே இருந்தால் மற்றவர்கள் விருந்தாளிகளாகிவிடுவார்கள். பாட்டியின் முறை வரும்போது அவர் கறுப்பு-வெள்ளைக் காலத்துக்கோ எண்பதுகளுக்கோ போவார். இளையவர்கள் முணுமுணுக்காமல் உட்கார வேண்டும், அதே மரியாதை அவர்களுடைய முறையின்போது திரும்பக் கிடைக்கும். யார் தேர்ந்தெடுத்த படமானாலும் இடைவேளை வரை பொறுத்திருப்பது என்று ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றால் கூச்சப்படாமல் நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த பழைய படம் ஒன்றின் இரண்டாம் பாதியைப் போட்டுவிடலாம்; முதல் பாதியின் கதையை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது.